அரிசிக்கு அப்பால்

மனைவி: ...மேல கோட்டு, கீழ பைஜாமாவா?

கணவர்: வீடியோவுல இடுப்புக்கு மேலதானே தெரியும்.

மனைவி: இன்னிக்கு வீடியோ இல்லைங்க. ரைஸ் குக்கர் கம்பெனிக்காரர் நேர்ல வர்றாரு. அவருக்கு முழு ஆளும் தெரியும்.

கணவர்: பழக்கதோஷம். மாத்திக்கிறேன் இரு. கேக்கை வெட்டி வெச்சியா?

மனைவி: வெச்சாச்சு.

கணவர்: சூப்பு?

மனைவி: குக்கர்ல கொதிக்குது. மூடியைத் திறந்து எட்டிப் பாக்காதீங்க. திறந்தா சூடு போயிடும்னு ஊருக்கெல்லாம் பிரசங்கம் பண்றது நீங்கதான்.

கணவர்: பிரசங்கம்னு சொல்லாத. உரை. 'அரிசிக்கு அப்பால்' என்கிற உரைத் தொடர்.

மனைவி: சரி, உரை. எங்க அண்ணன் போன் பண்ணாரு.

கணவர்: இப்பவா? நல்ல நேரம் பாத்தாரு.

மனைவி: திங்கக்கிழமை காலையில டைல்ஸ் கடைக்கு வந்துடச் சொன்னாரு.

கணவர்: ஆபீஸ்ல ஒரு மாடி முழுக்க என்னைப் பாத்தா எழுந்து நிப்பாங்க. அப்படி வேலை பாத்தவன் நான். இப்போ மச்சான் கடையில போய்ப் பாத்ரூம் டைல்ஸைத் தூக்கிக் காட்டணுமா?

மனைவி: தூக்க வேண்டாமாம். ஒரு ஸ்டூல் போட்டுத் தர்றாராம்.

கணவர்: ஸ்டூல்...

மனைவி: சாய்மானம் இருக்கற ஸ்டூல்தானாம். கேட்டுட்டேன்.

கணவர்: சாய்மானம் இருந்தா அதுக்குப் பேரு நாற்காலி. அதைக்கூடச் சரியாச் சொல்லத் தெரியாதவர் கிட்ட என்னைக் கொண்டுபோய் உக்கார வைக்கப் பாக்கறியே...

மனைவி: நாம பேசி வெச்சது ஞாபகம் இருக்கில்ல? இன்னிக்கு வர்றவரு வேலையை உறுதி பண்ணிட்டுப் போனா சரி. இல்லேன்னா குக்கர் பரண் மேல, நீங்க ஸ்டூல் மேல. அப்புறம் பேச்சு மாறக் கூடாது.

கணவர்: உறுதியாகிடும். பதவிக்கு என்ன பேரு தெரியுமா? 'நிறுவனத்தின் முகம்.' குக்கர் போற பெட்டி மேலயெல்லாம் என் முகம் இருக்கும்.

மனைவி: அப்ப முதல்ல அதைச் சவரம் பண்ணுங்க.

கணவர்: பண்றேன், பண்றேன். அப்புறம்... இன்னொண்ணு.

மனைவி: தெரியும்.

கணவர்: என்ன தெரியும்?

மனைவி: சோத்து விஷயம்.

கணவர்: மெதுவாப் பேசு.

மனைவி: வாயைத் திறக்க மாட்டேன். போதுமா?

கணவர்: போதாது. சிரிக்கவும் கூடாது. போன தடவை மாடி வீட்டுப் பல் டாக்டர் சோத்தைப் பத்திக் கேட்டப்ப நீ சிரிச்சுட்ட.

மனைவி: அவர் கேள்விக்கு நான் ஏங்க சிரிக்கப் போறேன்? நீங்க சொன்ன பதிலுக்குச் சிரிச்சேன்.

கணவர்: என்ன தப்பாச் சொல்லிட்டேன்? 'அரிசி எனது ஆய்வின் எல்லைக்குள் வரவில்லை'ன்னு சொன்னேன். கௌரவமான பதில். அவரும் ஒத்துக்கிட்டு, குக்கர்ல நான் சுட்ட ரொட்டியைப் புகழ்ந்துட்டுத்தான் போனாரு.

மனைவி: பல் டாக்டர் அந்த ரொட்டியைப் புகழாம இருப்பாரா? நாலு பேரு அதைச் சாப்பிட்டா அவருக்கு மாசம் ஓடிடும்.

கணவர்: இப்படித்தான்... கூடவே இருக்கறவங்களுக்கு ஒருத்தரோட அருமை... மணி அடிக்குது.

மனைவி: அடிக்குதுதான். பைஜாமா?

கணவர்: ஐயையோ.

மனைவி: ஓடாதீங்க, வாசல்ல இருந்து பாத்தா தெரியும். அந்த மேசைக்குப் பின்னாடி நின்னுக்கங்க. என்ன ஆனாலும் அங்கிருந்து நகராதீங்க... வாங்க தம்பி, வாங்க. செருப்பு அப்படியே இருக்கட்டும், பரவாயில்லை.

கம்பெனிக்காரர்: வணக்கம் மேடம். குக்கர் கம்பெனியிலிருந்து... போன்ல பேசினேன்.

மனைவி: மேடம்லாம் வேண்டாம். அக்கான்னே சொல்லுங்க. அவரு அதோ நிக்கிறாரு.

கணவர்: வருக. அமர்க. தங்கள் நிறுவனம் இந்த எளியவனின் இல்லம் தேடி வந்தது, எனக்குக் கிடைத்த பெருமை என்பதைவிட, குக்கர் என்ற கருவிக்கே கிடைத்த...

மனைவி: தம்பி, தண்ணி குடிக்கிறீங்களா?

கம்பெனிக்காரர்: குடுங்க அக்கா. சார், நீங்களும் உக்காருங்களேன்.

கணவர்: நான் நின்றே பழகியவன்.

மனைவி: ஆமா தம்பி, அவரு அப்படியே நிக்கட்டும். அதுதான் நல்லது.

கம்பெனிக்காரர்: உங்க வீடியோ எல்லாத்தையும் எங்க எம்.டி. பாத்துட்டாரு சார். முதல்ல பாத்தது குக்கர்ல மீன் வேகவெச்ச வீடியோ. அதுக்கு அடுத்து அதே பாத்திரத்துல கேக் பண்ணீங்களே...

கணவர்: 'கடலோரக் கேக்.'

மனைவி: பாத்திரத்தை மறுபடி தேய்ச்சுக் குடுன்னு கேட்டிருந்தா நான் தேய்ச்சுக் குடுத்திருப்பேன். மீன் வாசனையோட பண்ணிட்டு, அதுக்கு ஒரு பேரையும் வெச்சுட்டாரு.

கணவர்: புதிய முயற்சிகள் முதலில் ஏளனத்துக்கு உள்ளாகும். இது இன்னிக்குச் செஞ்ச கேக். இதுல கடல் கிடையாது. எடுத்துக்கங்க.

கம்பெனிக்காரர்: ம்... சார், நிஜமாவே நல்லா இருக்கு. இது ஓவன்ல பண்ணலையா?

கணவர்: இந்த வீட்டுல ஓவன் கிடையாது. அடுப்பு இருக்கு, அது அவளோட இலாகா. என் இலாகா இந்தக் குக்கர் ஒண்ணுதான்.

மனைவி: உள்ளதைச் சொல்லணும் தம்பி. கேக் விஷயத்துல அவரைக் குறை சொல்ல முடியாது. எங்க அண்ணன் வீட்டுப் பிள்ளைங்க கடைக் கேக்கைத் தொடுறதே இல்லை. இன்னொரு துண்டு எடுத்துக்கங்க.

கம்பெனிக்காரர்: எடுத்துக்கறேன். எப்படி சார் இது? குக்கர்ல மாவை ஊத்தினா கொஞ்ச நேரத்துல சுவிட்ச் தானா மேல வந்துடுமே.

கணவர்: அங்கேதான் விஷயமே இருக்கு. சுவிட்ச் 'டக்' என்று மேலே வரும். பாமரர் என்ன நினைப்பார்? 'வெந்துவிட்டது' என்று நினைப்பார். தட்டை எடுத்துக்கொண்டு ஓடி வருவார். நான் ஓடி வருவதில்லை.

மனைவி: மேசைக்குப் பின்னாடியே இருங்க.

கணவர்: இருக்கேன். அந்த 'டக்' இருக்கே, அது குக்கரின் அபிப்பிராயம். அவ்வளவுதான். நமக்கென்று ஓர் அபிப்பிராயம் வேண்டாமா? பாத்திரத்தை வெளியே எடுத்து ஈரத் துணி மேல கொஞ்ச நேரம் வெச்சா அடிச்சூடு தணியும். மறுபடி உள்ளே வெச்சு சுவிட்சை அழுத்தினா கீழே நிக்கும். திரும்ப 'டக்'னு வரும். திரும்ப ஈரத் துணி, திரும்ப அழுத்தறது. கேக் தானாக வந்து 'போதும்' என்று சொல்லும் வரை விடுவதில்லை.

கம்பெனிக்காரர்: சூப்புக்கும் இதே முறையா?

கணவர்: சூப்பு, முட்டை, உருளைக்கிழங்கு, ரொட்டி, எல்லாத்துக்கும் இதே தத்துவம்தான். குக்கரை நம்பாதே.

கம்பெனிக்காரர்: ரொம்ப நல்லது சார். நான் எதிர்பாத்ததுக்கு மேலயே இருக்கு. இப்போ ஒரே ஒரு கேள்வி பாக்கி. எம்.டி. மறக்காமக் கேட்டுட்டு வரச் சொன்னது. சொல்லப்போனா இந்த வேலையே இந்தப் பதில்லதான் நிக்குது.

கணவர்: தாராளமாகக் கேளுங்கள்.

கம்பெனிக்காரர்: அது... சோறு.

கணவர்: சோறா?

கம்பெனிக்காரர்: அக்கா, என்ன ஆச்சு? தண்ணி குடிங்க.

மனைவி: ஒண்ணுமில்லை தம்பி. கேக்... தொண்டையில...

கணவர்: அவளுக்கு அடிக்கடி அப்படி ஆகும். நீங்க சொல்லுங்க.

கம்பெனிக்காரர்: உங்க வீடியோ ஒண்ணுலகூட சோறு இல்லை சார். அதுமட்டும் இல்லை, ஒரு வீடியோவுல சொல்லியிருக்கீங்க: 'ரைஸ் குக்கர்ல சோறு வைக்கிறது, பியானோ வாங்கி அது மேல பூச்சாடி வைக்கிற மாதிரி.' எம்.டி. அதை மட்டும் திருப்பித் திருப்பிப் போட்டுப் பாத்தாரு.

கணவர்: திருப்பித் திருப்பியா... என்ன சொன்னாரு?

கம்பெனிக்காரர்: கண்ணாடியைக் கழட்டித் துடைச்சாரு.

கணவர்: அவ்வளவு புண்பட்டுட்டாரா?

கம்பெனிக்காரர்: புண்பட்டாருன்னு சொல்ல முடியாது...

கணவர்: எனக்குப் புரியுது தம்பி. ரைஸ் குக்கர் செய்யற கம்பெனி. ரைஸைப் பழிச்சவனை எப்படி முகமா வெச்சுப்பாங்க? அது வீடியோவுல கைதட்டலுக்காகச் சொன்னது. சோத்தைப் போய் நான் குறைச்சு நினைப்பேனா?

கம்பெனிக்காரர்: நினைக்க மாட்டீங்களா?

கணவர்: சத்தியமா மாட்டேன்.

கம்பெனிக்காரர்: ஓ.

கணவர்: சோறுதான் அஸ்திவாரம். மத்ததெல்லாம் அதுமேல கட்டின மாடி.

கம்பெனிக்காரர்: அப்போ குக்கர்ல... நீங்களே சோறு வைப்பீங்களா சார்?

கணவர்: தினமும்.

கம்பெனிக்காரர்: தினமுமா...

கணவர்: வேளா வேளைக்கு. எவ்வளவு வேலை இருந்தாலும் சோறு மட்டும் என் கையாலதான். ஏம்மா?

மனைவி: ...ஆமா தம்பி. அவர் கையாலதான்.

கம்பெனிக்காரர்: நல்லா வருமா?

கணவர்: நல்லாவா? பருக்கை பருக்கையா நிக்கும். ஒண்ணு மேல ஒண்ணு ஒட்டாது. மல்லிகைப் பூவைக் கொட்டின மாதிரி இருக்கும்.

கம்பெனிக்காரர்: ஒரு தடவைகூட... கொஞ்சம் வேகாம, குழைஞ்சு, அப்படியெல்லாம்...

கணவர்: என்ன தம்பி கேள்வி இது? சோறு குழையறதா? என் கையிலயா?

மனைவி: தம்பி, ஏன் கேக்கைக் கீழே வெச்சுட்டீங்க? நல்லாத்தானே சாப்பிட்டுட்டு இருந்தீங்க.

கம்பெனிக்காரர்: போதும் அக்கா. சரி சார்... ரொம்ப சந்தோஷம். நான் எம்.டி. கிட்டப் பேசிட்டுச் சொல்றேன்.

கணவர்: எப்ப சொல்வீங்க?

கம்பெனிக்காரர்: சொல்றோம் சார். கட்டாயம் சொல்றோம்.

மனைவி: என்னங்க... ஒரு நிமிஷம் காதைக் குடுங்க. அவரு பையை மூடுறாரு.

கணவர்: பாத்துட்டுத்தான் இருக்கேன்.

மனைவி: 'சொல்றோம்'னு சொல்லிட்டுப் போனவங்க யாரும் இதுவரைக்கும் எதையும் சொன்னதில்லை. நம்ம பொண்ணைப் பாக்க வந்தவங்க எத்தனை பேரு அப்படிச் சொல்லிட்டுப் போனாங்க?

கணவர்: நான் சொன்னதை அவரு நம்பலை. அதுதான் விஷயம். வெறும் வாயால சொன்னா யாரு நம்புவா? நேர்ல வெச்சுக் காட்டணும்.

மனைவி: எதை?

கணவர்: சோறு.

மனைவி: வேண்டாங்க.

கணவர்: ஒரு தடவைதானே. இன்னிக்குப் பாத்து நல்லா வந்துட்டா?

மனைவி: வேண்டாங்க, கேளுங்க. அவரு உங்க கேக்கைச் சாப்பிட்ட சந்தோஷத்தோட போகட்டும். அண்ணன் ஸ்டூல் ஒண்ணும் அவ்வளவு மோசமா...

கணவர்: தம்பி, உக்காருங்க. போகக் கூடாது. உங்க கண்ணு முன்னாடியே சோறு வெச்சுக் காட்டுறேன்.

கம்பெனிக்காரர்: ஐயோ, அதெல்லாம் வேண்டாம் சார்.

கணவர்: சந்தேகத்தோட உங்களை அனுப்பினா எனக்குத் தூக்கம் வராது.

கம்பெனிக்காரர்: எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை சார். நீங்க நல்லாத்தான் வைப்பீங்க. அதுதான்...

கணவர்: அதுதான் என்ன? ஏம்மா, அந்தச் சூப்பை வேற பாத்திரத்துக்கு மாத்து. தம்பிக்கு ஒரு கிண்ணத்துல குடு. நான் அரிசியை எடுத்துட்டு வர்றேன்.

கம்பெனிக்காரர்: சார்... பைஜாமா.

மனைவி: நகராதீங்கன்னு சொன்னேன்.

கணவர்: இது... சமையல் உடை தம்பி. மேலே மரியாதை, கீழே காற்றோட்டம். அடுப்படியில ரொம்ப நேரம் நிக்கிறவனுக்குத்தான் இதோட அருமை தெரியும். ஏம்மா, அரிசி எங்க இருக்கு?

கம்பெனிக்காரர்: தினமும் நீங்கதான் வைக்கிறதா...

மனைவி: நேத்துதான் டப்பாவை இடம் மாத்தினேன் தம்பி. அவரு மேல தப்பில்லை. அது இல்லைங்க, அது சர்க்கரை... அது ரவை. மேல் தட்டு. பச்சை மூடி.

கணவர்: இதோ. நம்ம அரிசி. பாத்ததுமே தெரிஞ்சுடும் எனக்கு.

மனைவி: கழுவுங்க.

கணவர்: கழுவாம வைப்பேனா? கழுவத்தான் எடுத்தேன். இன்னொரு தடவையா? சரி... தண்ணி. ஏம்மா, தண்ணி இன்னிக்கு எப்படி?

மனைவி: எப்படின்னா?

கணவர்: வழக்கம் போலத்தானே?

மனைவி: உங்க வழக்கம் எதுன்னு நான் இப்ப என்னத்தைச் சொல்றது?

கணவர்: தம்பி, உங்களுக்கு எவ்வளவு தண்ணி வெச்சாப் பிடிக்கும்?

கம்பெனிக்காரர்: எனக்கு ஒண்ணும் வேண்டாம் சார்.

கணவர்: ஆளுக்குத் தகுந்த மாதிரி வைக்கிறது என் முறை. சரி, இந்த அளவுக்கு நிக்கட்டும். சுவிட்சை அழுத்தியாச்சு. இனிமே அது பாடு.

மனைவி: அதே மாதிரி விட்டுடுங்க. அது பாட்டுக்கு இருக்கட்டும். நீங்க போய் பேண்ட்டை மாட்டிட்டு வாங்க.

கணவர்: இந்த நேரத்துல குக்கரை விட்டுட்டுப் போறதா? ஆபரேஷன் நடக்கறப்ப டாக்டர் சட்டை மாத்தப் போவாரா?

மனைவி: தம்பி, சூப்பைக் குடிங்க, ஆறிடும். ஏன் இப்படி முகம் வாடிப்போய் உக்காந்திருக்கீங்க? நாங்க ஏதாவது தப்பாப் பேசிட்டோமா?

கம்பெனிக்காரர்: சே சே, இல்லை அக்கா. அலைச்சல்தான். இந்த வேலைக்கு ஆள் தேடி எங்கெங்கேயோ போயிட்டு வந்துட்டேன். எந்த வீட்டுக்குப் போனாலும் முதல்ல சோத்தைத்தான் திறந்து காட்டுறாங்க.

மனைவி: பின்னே? குக்கர் கம்பெனின்னா வேற எதைக் காட்டுவாங்க?

கம்பெனிக்காரர்: அதானே. யாரைக் குறை சொல்றது? உங்க சார் வீடியோவைப் பாத்ததும் 'ஆள் கிடைச்சுட்டாரு'ன்னு எம்.டி. கிட்ட அடிச்சுச் சொல்லிட்டு வந்தேன். அவரும் என்னைப் பாத்து, 'இந்தத் தடவையும் வெறுங்கையோட வந்தா நீயும் வர வேண்டாம்'னுட்டாரு.

மனைவி: அடப்பாவமே... சூப்பு எப்படி இருக்கு?

கம்பெனிக்காரர்: ரொம்ப நல்லா இருக்கு. அதுதான் அக்கா எனக்கு இன்னும் கஷ்டமா இருக்கு.

கணவர்: அங்க என்ன பேச்சு? இங்க பாருங்க, ஆவி வருது. நல்ல ஆவி. ஆவி வர்ற விதத்தைப் பாத்தே சொல்லிடுவேன்...

மனைவி: கேட்டுச்சா? 'டக்'குன்னுச்சு.

கம்பெனிக்காரர்: வெந்துடுச்சு போல சார்.

மனைவி: ஆமாங்க, வெந்துடுச்சு. அவ்வளவுதான். கையை எடுங்க.

கணவர்: பாமரர் அப்படித்தான் நினைப்பார்.

மனைவி: என்னங்க, இது கேக் இல்லை. சோறு. அது சொன்னா சொன்னதுதான்.

கணவர்: அது சொல்றதை நான் எப்படிம்மா நம்பறது? ஈரத் துணி எங்கே?

மனைவி: தம்பி பாத்துட்டு இருக்காரு. ஒரே ஒரு தடவை அந்தக் குக்கரை நம்புங்க. உங்க கால்ல வேணும்னாலும்...

கணவர்: பதறாத. உள்ள இன்னும் ஈரம் இருக்கும். தணிச்சாச்சு. வெச்சாச்சு. அழுத்தியாச்சு.

மனைவி: போச்சு.

கணவர்: பாத்தீங்களா தம்பி, இவளுக்குப் பொறுமை கிடையாது. அதோ, ரெண்டாவது 'டக்.' இதுக்கும் மயங்கக் கூடாது. திரும்பவும் ஈரத் துணி...

கம்பெனிக்காரர்: சார், ஒரு வாசனை வருது.

கணவர்: அது அரிசியோட இயல்பான மணம்.

கம்பெனிக்காரர்: இல்லை சார், புகையும் வருது.

மனைவி: பிளக்கைப் பிடுங்குங்க தம்பி. அதோ, உங்க பக்கத்துல. நான் ஜன்னலைத் திறக்கறேன். மேல பல் டாக்டர் வேற இறங்கி வந்துடப் போறாரு.

கம்பெனிக்காரர்: பிடுங்கிட்டேன். சார், தள்ளுங்க, நான் திறக்கறேன்... ஆ.

கணவர்: என்ன? மேலாகப் பாத்தா நல்லாத்தானே...

கம்பெனிக்காரர்: மேல கஞ்சி மாதிரி இருக்கு. நடுவுல அரிசி அரிசியாவே இருக்கு. அடியில... கரண்டி இறங்கலை சார்.

கணவர்: இன்னிக்கு ஏதோ... கரண்ட்டு ஏத்த இறக்கமா இருந்திருக்கும்.

மனைவி: போதுங்க.

கணவர்: இல்லைம்மா, அரிசியும் புதுசு...

மனைவி: போதும்னு சொல்றேன்ல. தம்பி, இனிமே மறைச்சு என்ன பிரயோசனம்? இவருக்குச் சோறு வராது. இந்தக் குக்கர் வீட்டுக்கு வந்த அன்னிக்கு ஆசையா முதல்ல சோறுதான் வெச்சாரு. இதோ, இதே மாதிரிதான் வந்துச்சு. அடுத்த நாளும் வெச்சாரு. அதுவும் இப்படித்தான். சுவிட்ச் மேல வந்தா விடணும். இவரால விட முடியாது. வேலை பாத்த இடத்துலயும் அப்படித்தான். கீழே இருக்கறவங்க முடிச்சுட்டோம்னு கொண்டுவந்தா, இன்னொரு தடவை செய்யுங்கன்னு திருப்பி அனுப்புவாரு.

கணவர்: அதை ஏன் இப்ப...

மனைவி: சொல்லிடறேங்க, மனசுல வெச்சுக்க முடியலை. நான் சோத்தை அடுப்புக்கே மாத்திட்டேன் தம்பி. நாங்க தினமும் சாப்பிடறது நான் அடுப்புல வடிக்கிற சோறு. இவரு சும்மா இருக்க மாட்டாம அந்தக் குக்கர்ல முட்டையை வெச்சாரு, வந்துச்சு. கேக் வெச்சாரு, வந்துச்சு. உடனே, வராத ஒண்ணுக்கு 'வேண்டாம்'னு பேரு வெச்சுட்டு உரை ஆத்தக் கிளம்பிட்டாரு. பியானோ, பூச்சாடி எல்லாம் அப்புறம் வந்ததுதான்.

கம்பெனிக்காரர்: சார், அக்கா சொல்றது நிஜமா?

கணவர்: நிஜந்தான் தம்பி. மல்லிகைப் பூன்னு சொன்னது பொய். தினமும்னு சொன்னதும் பொய். எனக்குச் சோறு வராது. இத்தனை பேரு முன்னாடி எவ்வளவோ பேசியிருக்கேன், ஆனா இந்தப் பெட்டி எதுக்காகச் செஞ்சாங்களோ, அதை மட்டும் என்னால செய்ய முடியலை. உங்க எம்.டி. கிட்ட அப்படியே சொல்லிடுங்க. உங்களை அலைய வெச்சதுக்கு மன்னிச்சுக்கங்க. ஏம்மா, உங்க அண்ணனுக்குப் போன் போட்டு, வர்றேன்னு சொல்லிடு.

மனைவி: அப்புறமாப் போடலாம். நீங்க முதல்ல உக்காருங்க. தம்பி, நீங்க கிளம்பறதா இருந்தா இந்தக் கேக்கைக் கட்டித் தர்றேன். வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க. கேக்ல பொய் கிடையாது.

கம்பெனிக்காரர்: நான் கிளம்பலை அக்கா. சார், ஒரு விஷயம். சோறு எப்பவுமே இப்படித்தான் வருமா?

கணவர்: ஏன் தம்பி, வெந்த புண்ணுல...

கம்பெனிக்காரர்: இல்லை சார், தயவுசெய்து சொல்லுங்க. எப்பவுமேவா?

கணவர்: எப்பவுமே.

கம்பெனிக்காரர்: ஒரு தடவைகூட நல்லா வந்ததில்லை?

மனைவி: வந்திருந்தா அன்னிக்கே போட்டோ பிடிச்சு ஃபிரேம் போட்டு மாட்டியிருப்பாரு.

கம்பெனிக்காரர்: இனிமே யாராவது சொல்லிக் குடுத்தா கத்துக்க வாய்ப்பு இருக்கா அக்கா?

மனைவி: நான் சொல்லாததா? இத்தனை வருஷமாச் சொல்லிட்டேன். இவரு திருந்த மாட்டாரு தம்பி, அது மட்டும் நிச்சயம்.

கம்பெனிக்காரர்: நிச்சயந்தானே?

மனைவி: என் தலையில அடிச்சுச் சத்தியம் பண்றேன்.

கம்பெனிக்காரர்: சார், நாளைக்கு உங்களை ஒரு கூட்டத்துக்கு முன்னாடி நிக்க வைக்கிறோம். எவனாவது எழுந்து, 'இதுல கொஞ்சம் சோறு வெச்சுக் காட்டுங்க'ன்னு கேட்டுட்டான். என்ன சொல்வீங்க?

கணவர்: இன்னிக்குப் பட்டதே போதும். யாரு கேட்டாலும் வைக்க மாட்டேன். கெஞ்சினாலும் வைக்க மாட்டேன்.

கம்பெனிக்காரர்: இதை முதல்லயே சொல்லியிருக்கக் கூடாதா சார்? மல்லிகைப் பூ, பருக்கை பருக்கைன்னு சொல்லி என் வேலைக்கே உலை வைக்கப் பாத்தீங்களே. அக்கா, அந்த வாசக் கதவைக் கொஞ்சம் சாத்துங்க.

மனைவி: புகை இன்னும் போகலையே.

கம்பெனிக்காரர்: புகை இருக்கட்டும். சாத்துங்க. ஜன்னலையும்.

மனைவி: சாத்தியாச்சு. என்ன தம்பி?

கம்பெனிக்காரர்: சார், திங்கக்கிழமை நீங்க எங்க ஆபீசுக்கு வந்துடுங்க. வேலை உங்களுக்குத்தான்.

கணவர்: தம்பி, நீங்க சரியாக் கேட்டீங்களா? எனக்குச் சோறு வராது. சோறு வைக்கத் தெரியாதவனை ரைஸ் குக்கருக்கு முகமா எவனாவது வைப்பானா?

கம்பெனிக்காரர்: கொஞ்சம் மெதுவாப் பேசுங்க சார், வெளியில கேட்டுடப் போகுது... எங்க புது குக்கர்ல கேக் வேகுது, சூப்பு வேகுது, மீன்கூட வேகுது. தலைகீழா நின்னு பாத்துட்டோம், சோறு மட்டும் வேக மாட்டேங்குது. குடோன் கொள்ளாம செஞ்சு அடுக்கின பிறகுதான் எங்களுக்கே தெரிஞ்சுது.